தோல் கயிற்றில் மணி கோர்க்க: துளை, கயிறு, முடிச்சு, வியர்வை

மன்னார்குடியிலிருந்து கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கும்பகோணத்தில் வாங்கிய பித்தளை மணியையும் தானே சுட்ட களிமண் மணியையும் கறுப்பு லெதர் கயிற்றில், ஒரு மாலைக்கு நாற்பது மணி வீதம் கோர்த்து நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டே மாதத்தில் சில மாலைகள் அறுந்துவிட்டன. ஒருவருக்குச் சட்டைக் காலரெல்லாம் கறுப்புச் சாயம். இன்னொருவருக்குப் பின்கழுத்தில் அரிப்பு. இதற்கிடையே வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கடை போடுகிற மாமா, "ஒரு ஐம்பது உருப்படி செஞ்சு குடுடா" என்கிறாராம். "எந்தக் கயிறு வாங்கட்டும், எப்படி முடிச்சுப் போடட்டும், மிருதங்க வார் சும்மா கிடைக்கிறதே அது ஆகுமா, ருத்திராட்சத்தையும் இதிலேயே கோர்க்கலாமா அக்கா?" என்பது கேள்வி.

தம்பி, தோல் கயிற்றை நூல் மாதிரி நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள். தொல்லையில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது. பவழமாலை, கருகமணி, பாசிமணி எல்லாமே நூலை மறைக்கிற வேலை. நூல் மணிக்குள் போய்விடும், கண்ணுக்கு மணி மட்டும் தெரியும். தோல் அப்படி மறையாது, மறைக்கவும் கூடாது. அதற்குப் பருமன் உண்டு. கனம் தொங்கினால் நீளும். வியர்வையைக் குடிக்கும். நாளாக ஆக நிறம் ஏறும். இதையெல்லாம் வெளியே தெரியவிட்டு, முன்பக்கம் ஐந்தோ ஏழோ மணியை மட்டும் நிறுத்தினால் அந்த மாலைக்கு ஒரு லட்சணம் வரும். நாற்பது மணி என்றால் எண்பது துளைவாய். எண்பது இடத்தில் கயிறு உரசுகிறது. பித்தளைக் கனம் வேறு. மணியைக் குறைத்தாலே அறுந்துபோகிற கதை பாதியாகிவிடும், செலவும் குறையும்.

அடுத்தது துளை. கயிற்றை வாங்கிவிட்டு மணி தேடாதீர்கள். மணியின் துளையைப் பார்த்துவிட்டுக் கயிற்றுக்குப் போங்கள். கடையில் "எட்டு எம்.எம். மணி" என்று சொல்வது வெளி அளவு. அதே எட்டு மி.மீ. மணியில் துளை 1 மி.மீ. இருக்கலாம், 3 மி.மீ.யும் இருக்கலாம். துளை கயிற்றைவிடக் கால் மி.மீ.யாவது கூட இருக்க வேண்டும். 2 மி.மீ. கயிறு 2 மி.மீ. துளைக்குள் போகாது, திணித்து இழுத்தால் மேல்தோல் உரிந்துகொண்டு வரும். அளக்க வெர்னியர் எல்லாம் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை மி.மீ. டிரில் பிட் ஒவ்வொன்று வாங்கி ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குள் எந்த பிட் தடையில்லாமல் போகிறதோ அதற்கு ஒரு படி கீழே இருக்கிற கயிறு சரி.

இந்தக் கணக்கைப் போட்டால் பல மணிகள் தானாகவே கழன்றுவிடும். முத்தின் துளை 1 மி.மீ.க்கும் கீழே, அதை விட்டுவிடுங்கள். ஸ்படிகம், கார்னீலியன் போன்ற கல்மணிகளை இரண்டு பக்கமிருந்தும் துளைப்பார்கள். நடுவில் இரண்டு துளையும் சந்திக்கிற இடத்தில் ஒரு படி இருக்கும். வாயில் தாராளமாகப் போகிற கயிறு அங்கே போய் முட்டி நிற்கும். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டினாரே, அந்த ஊர் பெயரெடுத்த சின்னக் கண்ணாடி மணிகள் கண்ணாடிக் குழம்பைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தவை. பெரும்பாலும் ஆறு மி.மீ.க்கு உள்ளேதான். அந்த ஜாதி மணி முழுக்க நூலுக்கானது, தோலுக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாவிலும் நரிக்குறவர்கள் விற்கிற பாசியில் பெரும்பகுதியும் அப்படித்தான். ஆனால் அவர்களிடம் மரமணி, பெரிய துளைக் கண்ணாடி மணி, எலும்பு மாதிரி தெரிகிற மணி என்று பலவும் இருக்கும். டிரில் பிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தேர்ந்தெடுங்கள். திருச்சி துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் அவர்கள் குடியிருப்பே இருக்கிறது. கம்பியை வளைத்து மணி கட்டுவதில் அவர்கள் கை வேகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பேரம் பேசாதீர்கள்.

துளையைப் பெரிதாக்க முடியாதா என்றால், முடியும். மரமணிக்கு டிரில் போதும். பித்தளைக்கு ஊசி அரம், அல்லது பாத்திரப் பட்டறையில் கொடுத்தால் நிமிஷத்தில் போட்டுத் தருவார்கள். கண்ணாடிக்கும் கல்லுக்கும் வைரத்தூள் பூசிய குடைவு ஊசி விற்கிறது. ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் மணியை வைத்துக்கொண்டு மெதுவாகக் குடைய வேண்டும். சூடு ஏறாது, தூளும் மூக்குக்குப் போகாது.

களிமண் மணி நீங்களே செய்வதால் வசதி. ஈரத்திலேயே பெரிய துளை போட்டுவிடுங்கள். காய்ந்து சுட்டு முடிவதற்குள் களிமண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். மண்ணுக்கு மண் இது கொஞ்சம் மாறும். 2 மி.மீ. கயிற்றுக்கு 3 மி.மீ. கம்பியால் துளை போட்டால் சரியாக வரும். பாதி காய்ந்த பதத்தில் இரண்டு வாயையும் ஈர விரலால் உருட்டி மழுக்குங்கள். வேகாத மணி வியர்வையில் கரைந்து சட்டையில் செம்மண்ணாக இறங்கும். விரல் நகத்தால் தட்டினால் கணீரென்று வர வேண்டும். தொப்பென்று கேட்டால் மறுபடியும் சூளைக்கு. வறட்டி, வைக்கோல் வைத்து வீட்டுக் கொல்லையில் சுட்டால் சூடு ஒரே சீராக ஏறாது. உங்கள் பக்கத்துப் பானைச் சூளையில் வேளாரிடம் ஒரு சட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர் சரக்கோடு சேர்ந்து வெந்துவிடும்.

இனி, ஏன் அறுந்தது. அறுந்த மாலையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அறுந்தது என்பதே காரணத்தைச் சொல்லும்.

மணியின் வாயருகே அறுந்திருந்தால் துளையின் விளிம்பு அறுத்திருக்கிறது. பித்தளை மணியில் டிரில் போட்டபின் உள்வாயில் ஒரு பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பஞ்சைத் திரித்துத் துளைக்குள் விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டிக்கொண்டு வந்தால் பிசிறு இருக்கிறது. துளையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையில் பிடித்து வாயில் வைத்து இரண்டு திருகு திருகினால் போய்விடும். களிமண் மணியின் உட்புறம் உப்புத்தாள் மாதிரி. நடக்கும்போதெல்லாம் மணி மேலும் கீழும் ஓடினால் கயிற்றை ராவிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து, மணியை ஓடவிடாமல் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு நிறுத்துவது.

முடிச்சில் அறுந்திருந்தால் கயிறு காய்ந்து போயிருக்கிறது, அல்லது முடிச்சை ஆவேசமாக இழுத்திருக்கிறீர்கள். புதுக் கயிற்றை விரலில் சுற்றிப் பாருங்கள். மேலே வெடிப்பு விழுந்தால் அது கடையிலேயே காய்ந்த சரக்கு, வாங்க வேண்டாம்.

முடிச்சும் இல்லை, மணியும் இல்லை, நட்டநடுவில் அறுந்திருக்கிறது, நுனி இரண்டும் சரிவாகச் சீவின மாதிரி இருக்கிறது என்றால் அது ஒட்டு. கயிறு ரோலாக வருகிறது, ஆனால் மாடு அத்தனை நீளம் கிடையாதே. தோல் துண்டுகளைச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, உருட்டி, மேலே சாயம் பூசித்தான் நீளமாக்குகிறார்கள். நகக்கண்ணுக்கு அடியில் கயிற்றை ஓடவிட்டால் ஒட்டு வருகிற இடத்தில் லேசாகத் தடிக்கும் அல்லது விறைக்கும். அந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தில் மாலை செய்யுங்கள். ஐம்பது உருப்படிக்குக் கணக்குப் போடும்போது இந்தக் கழிவுக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

கொக்கியின் மூடியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தால் பசை தப்பு. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கயிறு வாங்குவதைச் சொல்கிறேன். "லெதர் கயிறு" என்று ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்குவதில் பாதி ரெக்சின் ஜாதி, மீதியில் கொஞ்சம் மெழுகு பூசின பருத்தி. வெட்டின நுனியைப் பாருங்கள். தோல் என்றால் நார்நாராக இருக்கும்; ரெக்சினில் நடுவே நூலும் மேலே வழவழப்பான உறையும் தனித்தனியாகத் தெரியும். ஒரு துணுக்கைக் கொளுத்தினால் தோல் முடி கருகின வாடை அடித்துச் சாம்பலாகும். ரெக்சின் உருகி உருண்டையாகும். ரெக்சினையும் மெழுகுப் பருத்தியையும் நான் ஒன்றும் பழிக்கவில்லை. மழைக்காலத்துக்கும் தினம் போட்டுக்கொள்கிற பிள்ளைகளுக்கும் மெழுகுப் பருத்திக் கயிறு தோலைவிட உத்தமம். தோல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

தோலிலேயே இரண்டு வகை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் பதனிட்டது ஒன்று. குரோமியம் உப்பில் பதனிட்டது இன்னொன்று. நம் தமிழ்நாட்டுத் தோல் பட்டைப்பதத்தில்தான் பெயர் வாங்கியது. இப்போது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் எங்கும் இரண்டும் நடக்கிறது. வெட்டுவாயில் உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைப்பதம். நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், நனைந்தாலும் சீக்கிரம் கெடாது. பட்டைப்பதத் தோல் முதலில் விறைப்பு, நாளாக நாளாகக் கழுத்துக்கு வளைந்து, தேன் நிறமாகி, பிறகு கருஞ்சிவப்பாகும். என்னைக் கேட்டால் சாயம் போடாத பட்டைப்பதக் கயிறுதான். விலை கூட. ஆனால் சட்டைக் காலர் தப்பிக்கும்.

கறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு என்ன செய்வது? வெள்ளைத் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கயிற்றை அதற்குள் பிடித்து நாலைந்து தடவை உருவுங்கள். நம்மூர் சித்திரை வெயில் வியர்வைக்கு இதுதான் பரீட்சை. லேசாகக் கறை பட்டால் துணி மாற்றி மாற்றித் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவைத்து, தேன்மெழுகு தேய்த்துத் துணியால் சூடேற அழுத்தித் துடைத்தால் அடங்கும். துணி மை மாதிரி கறுத்தால் அந்த ரோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எதைச் செய்தாலும் நிற்காது. மெழுகு என்றவுடன் சுவாமிமலைக்கு ஓடிவிடாதீர்கள். சிலை வார்க்கிறவர்கள் வைத்திருக்கும் மெழுகில் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கழுத்தில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். கலப்பில்லாத தேன்மெழுகு வேண்டும். தேங்காய் எண்ணெயும் தடவக்கூடாது. கயிறு திட்டுத்திட்டாகக் கருத்து, நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

மொத்தமாக வாங்க சென்னை பெரியமேடுதான் வழக்கமான இடம். திருச்சியில் என்.எஸ்.பி. ரோட்டு ஃபேன்ஸி கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும், ரகம் குறைவு. தட்டையான வார் வேண்டுமானால் வாங்கவே வேண்டாம். செருப்பு, பை தைக்கிறவர்களிடம் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்கள். பத்து செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வட்டத்தை வெளி ஓரத்திலிருந்து முறுக்கு சுற்றுகிற மாதிரி மூன்று மி.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டே உள்ளே போனால் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் வார் வரும். நனைத்து, ஒரு நுனியில் சின்னப் படிக்கல்லைக் கட்டி இரவு தொங்கவிட்டால் வளைவு நிமிர்ந்துவிடும். உருண்டைக் கயிற்றையும் இப்படி, ஆனால் நனைக்காமல், ஒரு ராத்திரி தொங்கவிட்டுவிட்டுக் கோர்ப்பது நல்லது. நீள வேண்டியது நம் வீட்டிலேயே நீண்டுவிடும். வாங்கினவர் கழுத்தில் நீளாது.

மிருதங்க வார் ஆகாது, தம்பி. அது எருமைத்தோல், பதனிட்ட தோல் கிடையாது, மயிர் நீக்கிக் காயவைத்த பச்சைத்தோல். நனைந்தால் இளகும், காய்ந்தால் இறுகி விறைக்கும். அந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் ஈரத்தில் இழுத்துக் கட்டி, காய்ந்ததும் மூட்டு, அதாவது வாயைச் சுற்றியிருக்கிற தோல் பின்னல், இறுகி நிற்கும்படி செய்கிறார்கள். கழுத்தில் போட்டால் வியர்வையில் ஊறி வழவழத்து இரண்டு நாளில் நாறும். தவில் வாரும் அப்படித்தான்.

இப்போது கோர்ப்பது. நுனியைச் சரிவாக வெட்டி, ஒரு அங்குலத்துக்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டுத் தடவி இறுகவிடுங்கள். அதுவே ஊசி ஆகிவிடும். வேலை முடிந்ததும் அந்த விறைத்த நுனியை வெட்டி எறிந்துவிட வேண்டும். ஃபெவிக்விக்குக்கு இந்த மாலையில் அவ்வளவுதான் வேலை, வேறெங்கும் தொடாதீர்கள்.

நீளம் வெட்டும்போது கஞ்சத்தனம் கூடாது. பதினெட்டு அங்குல மாலை என்று பதினெட்டு அங்குலக் கயிறு வெட்டினால் கைக்குழந்தைக்குத்தான் ஆகும். 2 மி.மீ. கயிற்றில் ஒற்றை முடிச்சு ஒன்று ஒன்றரை செ.மீ. அளவுக்கு விழுங்கும். உங்கள் கயிற்றில் ஐந்து முடிச்சுப் போட்டு, முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி, இரு பக்கமும் முடிச்சு, பின்னால் நகரும் முடிச்சு என்றால் ஒரு மீட்டர் வெட்டுங்கள். கொக்கி இல்லாமல் தலை வழியாகப் போடுகிற மாலை இருபத்தாறு அங்குலமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காதில் மாட்டும்.

நடு மணியிலிருந்து தொடங்குங்கள். கயிற்றை மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அங்கே பெரிய பித்தளை மணி. அதன் வலப்பக்கம் ஒற்றை முடிச்சு: முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் ஒரு கோணி ஊசியைச் சொருகி, ஊசியாலேயே முடிச்சை மணியின் வாய்வரை தள்ளிக்கொண்டுபோய், ஊசியை உருவிவிட்டு இறுக்குங்கள். மாலை கோர்க்கிறவர்கள் முத்துக்கு முத்து முடிச்சு வைப்பதும் இந்த ஊசி வித்தையில்தான். இடப்பக்கமும் அப்படியே. பிறகு இரண்டு விரல் இடம் வெறும் கயிறாக விட்டு, ஒரு முடிச்சு, ஒரு களிமண் மணி, ஒரு முடிச்சு. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள், அங்கேதான் தோல் தெரிகிறது. முடிச்சு மணிக்குள் நழுவிப்போனால் துளை பெரிது. இரட்டைச் சுற்று முடிச்சாகப் போடலாம், அல்லது இரு பக்கமும் ஒரு சின்ன மரமணியைத் தடுப்பாக வைக்கலாம்.

பதக்கம் தொங்கவிட வேண்டுமென்றால் கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைப் பதக்கத்தின் வளையத்துக்குள் விட்டு, இரண்டு நுனியையும் அந்த மடிப்புக்குள் நுழைத்து இழுத்தால் போதும். முடிச்சே இல்லாமல் நிற்கும்.

பின்னால் முடிக்க மூன்று வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது நகரும் முடிச்சு. கொக்கி வேண்டாம், துரு வராது, அரிப்பு வராது, எந்தக் கழுத்துக்கும் ஆகும். இரண்டு நுனியையும் எதிரெதிராக ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கவிடுங்கள். வலது கயிற்றின் நுனியை எடுத்து, இடது கயிற்றைச் சுற்றி, தன்னுடைய கயிற்றையும் சேர்த்துப் பிடித்தபடி, வந்த வழியே திரும்பி இரண்டு சுற்று. பிறகு நுனியை அந்த இரண்டு சுற்றுக்கும் உள்ளே நுழைத்து வெளியே எடுத்து இறுக்குங்கள். அந்த முடிச்சுக்குள்ளே இடது கயிறு ஓட வேண்டும். இடது நுனியாலும் வலது கயிற்றைச் சுற்றி அதே மாதிரி. தூண்டில் நரம்பு கட்டுகிறவர்களுக்கு இது மனப்பாடம். நாகப்பட்டினம் பக்கம் யாரைக் கேட்டாலும் போட்டுக் காட்டுவார்கள். இறுக்கத்தில்தான் சூட்சுமம். விரலால் தள்ளினால் கொஞ்சம் அடம்பிடித்து நகர வேண்டும், கழுத்தில் தொங்கும்போது தானாக நகரக்கூடாது. 1 மி.மீ., 1.5 மி.மீ. கயிற்றில் இது அம்சமாக வரும். 2 மி.மீ.யில் பின்கழுத்தில் கொஞ்சம் புடைக்கும். 3 மி.மீ.யில் வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நுனியில் மணி, மறு நுனியில் அந்த மணி நுழைகிற அளவுக்கு ஒரு காது. சட்டைப் பித்தான் மாதிரி. மணியை இழுத்துத்தான் நுழைக்க வேண்டும் என்கிற அளவுக்குக் காது சின்னதாக இருக்கட்டும், தோல் இளகின பிறகு சரியாகிவிடும்.

மூன்றாவது கொக்கி. உலோக மூடிக்குள் கயிற்றின் நுனியை விட்டு ஒட்டி, மூடியின் வளையத்தில் கொக்கி மாட்டுவது. இதில் ஃபெவிக்விக் போட்டால் தோல் கண்ணாடி மாதிரி விறைத்து மூடியின் வாயில் முறிந்துவிடும். உங்கள் நண்பர்கள் மாலையில் ஏதாவது உருவிக்கொண்டு வந்திருந்தால் அதுவும் இதனால் இருக்கலாம். இரண்டு டியூப் கலக்கிற அரால்டைட் எடுங்கள். நுனியின் மேற்பளபளப்பை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, பசையை மூடிக்குள் குச்சியால் வைத்து, கயிற்றைத் திருகி இறக்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். அழுத்தி நெரிக்கிற வகை மூடியானால் குறடால் நடுவில் மட்டும் நெரிக்க வேண்டும். ஓரத்தை நெரித்தால் அதுவே கத்தி.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மாலையில் மாட்டுகிற வெள்ளைக் கொக்கியில் இருக்கிற நிக்கல். வியர்வை அதைக் கரைத்துத் தோலில் இறக்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி வாங்குங்கள், இரண்டு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. சாதா இரும்பு வளையம் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டைப்பதத் தோலில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீல மை ஆகிவிடும். கடுக்காய் மை காய்ச்சினது இப்படித்தான்; சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரியில் கறுப்புக் கோடு விழுவதும் இந்தச் சேர்க்கையால்தான். துணியில் அழகு, கழுத்தில் கறை.

பித்தளை களிம்பேறத்தான் செய்யும். தோலில் ஏற்றியிருக்கிற எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் துளைவாயில் பச்சை மெழுகு மாதிரி பூத்து நிற்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் வந்துவிடும். புளி போட்டு விளக்குவதெல்லாம் கோர்ப்பதற்கு முன்னால். விளக்கி, நன்றாக அலசி, துளைக்குள் ஈரம் இல்லாமல் வெயிலில் காயவைத்துப் பிறகு கோருங்கள். மாலையாகக் கோர்த்தபின் புளி பட்டால் தோல் போச்சு.

ருத்திராட்சம், துளசி இரண்டையும் தோலில் கோர்க்காதீர்கள். ருத்திராட்சத்தின் துளை இயல்பாகவே சின்னது, 1 மி.மீ. கயிறே முக்கி முனகித்தான் போகும். அது ஒரு காரணம். பெரிய காரணம், வாங்குகிறவர்கள். மான் தோலில் உட்கார்ந்து ஜபம் செய்தவர்கள் உண்டு, மிருதங்கமும் தவிலும் கோவிலுக்குள்ளேதான் ஒலிக்கின்றன, நியாயம் பேசினால் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் ஜபமாலையைத் தோல் கயிற்றில் காட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது வழிபாட்டுப் பொருள், நமக்கு அதில் அலங்காரம் செய்ய உரிமை இல்லை. பருத்தி நூல், பட்டு நூல், செம்புக் கம்பி இருக்கவே இருக்கின்றன. வேளாங்கண்ணியில் விற்கிற ஜெபமாலைக்கும் நாகூரில் விற்கிற தஸ்பீஹ் என்கிற முஸ்லிம்களின் ஜெபமணி மாலைக்கும் எண்ணிக்கைதான் உயிர், மணி விரலில் நழுவி ஓட வேண்டும். முடிச்சுப் போட்டு மணியை நிறுத்துகிற நம் வேலை அதற்கு நேர் எதிர். உங்கள் மாலை அணிகலனாகவே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கிராமத்துப் பிள்ளைகள் குன்றிமணி பொறுக்கிக்கொண்டு வந்து "இதைக் கோர்த்துக் கொடுங்கள்" என்பார்கள். பிள்ளையாருக்குக் கண் வைப்பதோடு அது நிற்கட்டும். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. ஓடு முழுசாக இருக்கும்வரை அடைபட்டுக் கிடக்கும். டிரில் போட்டால் அந்தத் தூள் கையிலும் மூக்கிலும் போகும். துளைத்த விதையைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு விதைதான் வேண்டுமென்றால் ஆனைக்குன்றிமணி என்கிற மஞ்சாடி இருக்கிறது. ஆனால் அதன் ஓடு கெட்டி, 2 மி.மீ. துளை போட்டால் பாதி உடையும். வைஜயந்தி மணிக்கு இயற்கையிலேயே துளை உண்டு, மெல்லிய கயிற்றுக்கு ஏற்றது.

மாமாவின் ஐம்பது உருப்படிக்கு வருவோம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறி செப்டம்பர் 8 பெருவிழா. அந்தப் பத்துப் பதினோரு நாளும் நடந்து வருகிற ஜனம், புழுக்கம், உப்புக்காற்று. அங்கேயே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலில் இறங்குகிறவர்களும் இருப்பார்கள். அதனால் ஐம்பதையும் தோலில் செய்யாதீர்கள். முப்பது மெழுகுப் பருத்தியில், இருபது தோலில். தோல் மாலையில் ஒரு சின்ன அட்டை கட்டி, என்ன தோல் என்பதையும் "கடலிலும் குளியலிலும் கழற்றி வைக்கவும்" என்பதையும் எழுதிவிடுங்கள். மாட்டுத்தோலா ஆட்டுத்தோலா என்று கேட்கிறவர்கள் நிச்சயம் வருவார்கள். கயிறு வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் மாமா அங்கே முழிக்க வேண்டாம்.

விற்காமல் திரும்பி வருகிற தோல் மாலைதான் கவலை. திருவிழா முடிந்து ஒரு மாதத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், மார்கழி வரை வீட்டுச் சுவரே வியர்க்கும். பாலிதீன் கவரில் கட்டி வைத்தால் பத்தே நாளில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். செய்தித்தாள் விரித்த அட்டைப்பெட்டியில், மாலை மேல் மாலை படாமல், மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, தரையிலிருந்து உயரமாக வையுங்கள். மழை விட்ட நாளில் திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் மட்டும் போடாதீர்கள், விறைத்துவிடும். பூசணம் வந்துவிட்டால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி தேன்மெழுகு தேய்த்தால் போதும். முடிச்சுகளின் மடிப்பில் மிச்சம் இருக்கும். அங்கே பழைய டூத் பிரஷ்.